1942 ஏப்ரல் 5: இலங்கை மீதான தாக்குதல் உலகப் போரின் திருப்புமுனையா? கண்காட்சிப் பலகைக்கு உதவி தேவை

பண்டாரவளை டீச்சர்:

வணக்கம். எங்கள் தரம் 11 பிள்ளைகள் வரலாற்றுக் கண்காட்சிக்கு ஒரு பலகை செய்கிறார்கள். 6 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை. மேல் பாதியில் 1939 செப்டெம்பரில் இருந்து 1945 செப்டெம்பர் வரை காலக்கோடு, கீழ்ப் பாதியில் உலகப் படம். இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைச் சண்டைகள் என்பது தலைப்பு. பசிபிக்கில் மிட்வே, எகிப்தில் எல் அலமைன், சோவியத்தில் ஸ்டாலின்கிராட், பிரான்சில் நோர்மண்டி என்று இப்போதைக்கு நான்கு இருக்கின்றன.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. இந்த இரண்டு நாட்களையும் திருப்புமுனை என்று போடலாமா? நம் நாட்டில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ப்பது சரியாகப் படவில்லை. விட்டுவிடவும் மனம் வரவில்லை.

அடுத்தது, யார் வென்றார், எத்தனை பேர் செத்தார் என்பதோடு நிற்காமல், போர் ஏன் அந்த இடத்தில் திரும்பியது என்பதைப் பிள்ளைகள் தொட்டுக் காட்டுகிற மாதிரி என்ன வைக்கலாம்? கணக்குகள் சரியாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

மாத்தளை கடல்நூல்:

டீச்சர், திருப்புமுனை என்று போட வேண்டாம். ஆனால் அதை மிட்வேக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒரு சிவப்பு நூலால் இணையுங்கள். பலகையில் ஆகப் பெறுமதியான பகுதி அந்த நூலாகத்தான் இருக்கும்.

தோற்றவர் இழந்ததை ஈடுசெய்வதற்குள் போர் அவர் கையை விட்டுப் போய்விட்டால்தான் அந்தச் சண்டை திருப்புமுனை. ஏப்ரலில் பிரித்தானியருக்கு விழுந்தது கடுமையான அடி. கொழும்புத் துறைமுகத்தில் டெனடோஸ் நாசகாரியும் ஹெக்டர் என்ற கப்பலும் போயின. அன்று பிற்பகல் தெற்கே நடுக்கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு குரூசர்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியும், அதற்குத் துணையாகப் போன வம்பயர் நாசகாரியும், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும் போயின. ஆனாலும் பிரித்தானிய அட்மிரல் சொமர்வில்லின் பிரதான படை, அதாவது ஐந்து போர்க்கப்பல்களும் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளும், அப்படியே தப்பியது. ஏப்ரல் 1ஐ ஒட்டித் தாக்குதல் வரும் என்று அவர் கடலில் காத்திருந்தார். வரவில்லை. எண்ணெயும் குடிநீரும் நிரப்ப மாலைதீவின் அத்து தீவுக்குப் போனார். போன சமயத்தில்தான், கொக்கலையில் இருந்து கிளம்பிய கனேடிய விமானி பேர்ச்சலின் கற்றலினா வேவு விமானம், 4ஆம் திகதி, யப்பானியப் படையைக் கண்டு தகவல் அனுப்பியது. அனுப்பிய கையோடு சுட்டு வீழ்த்தப்பட்டது.

தரையிறங்கும் திட்டமும் இந்தப் படையெடுப்பில் இல்லை. இலங்கையைப் பிடிக்கும் யோசனை யப்பானியக் கடற்படையில் இருந்தது. தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்துவிட்டது.

இனி நூலின் கதை. யப்பானியத் தளபதி நகுமோ கொண்டுவந்தவை ஐந்து விமானந்தாங்கிகள்: அககி, சோர்யு, ஹிர்யு, ஷொககு, சுயிககு. கொழும்பை அடித்த பிறகு இன்னொரு முறை அடிக்கலாம் என்று, கப்பல்களைத் தாக்க டோர்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து போகும் குண்டு) மாட்டி நின்ற விமானங்களுக்குத் தரைக்குண்டு மாற்றச் சொன்னார். பாதி வேலையில், காலை 10 மணியளவில், குரூசர்களைக் கண்டதாக வேவு விமானம் அறிவித்தது. திரும்பவும் டோர்பிடோ மாட்டச் சொன்னார். டோர்பிடோவுக்கும் குண்டுக்கும் விமானத்தின் அடியில் உள்ள பிடிச்சட்டம் வேறு வேறு. அதையே கழற்றி மாற்ற வேண்டும். குண்டு கொண்டுவரும் தள்ளுவண்டிகளும் எல்லா விமானத்துக்கும் போதாது. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து அந்த வேலை முடியாது. கடைசியில் டோர்பிடோ விமானங்களுக்குக் காத்திராமல் 53 குத்துக்குண்டு விமானங்களை (மேலே இருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுபவை) மட்டும் அனுப்பினார்கள். எதிரில் வந்தவை காவல் விமானம் இல்லாத இரண்டு குரூசர்கள் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை.

இரண்டாவது தப்பு 9ஆம் திகதி. இரத்மலானை, குதிரைப்பந்தயத் திடல் என்று கொழும்பைச் சுற்றி இருந்த விமானத் தளங்களைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள். கவனிக்க வேண்டியது, அன்று நகுமோவைத் தேடிப் போன 9 பிரித்தானிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள். யாரும் காணாமலே தலைக்கு மேல் வந்து குண்டு போட்டன. குண்டுகள் அககிக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்த பிறகுதான் கப்பலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் படவில்லை. 9இல் 5 விமானங்கள் திரும்பவில்லை. யப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை. காவல் விமானங்களுக்கும் கப்பலுக்கும் இடையில் வானொலித் தொடர்பும் சரியில்லை.

இந்த இரண்டு தப்பையும் அப்படியே ஜூன் 4க்குக் கொண்டுபோங்கள். மிட்வே தீவை இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று தகவல் வருகிறது; டோர்பிடோவை எடுத்துத் தரைக்குண்டு மாட்டச் சொல்கிறார் அதே நகுமோ. அமெரிக்கக் கப்பல்களைக் கண்டதாக வேவு விமானம் சொல்கிறது, திரும்பவும் மாற்றம். கழற்றிய குண்டுகளைக் கீழே கிடங்குக்கு அனுப்ப நேரமில்லாமல், பெற்றோல் நிரப்பிய விமானங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். காலை 10.20 தாண்டிய சில நிமிடங்களில், மேலே இருந்து அமெரிக்கக் குத்துக்குண்டு விமானங்கள் இறங்கின. காவல் விமானங்கள் தாழப் பறந்து வந்த டோர்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. அககியின் மேல் நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. அதுவே போதுமாக இருந்தது. அககி, ககா, சோர்யு காலையில், ஹிர்யு மாலையில். இவற்றில் மூன்று, இரண்டு மாதத்துக்கு முன் இலங்கைக் கடலில் நின்றவை.

மற்ற இரண்டும், அதாவது ஷொககுவும் சுயிககுவும், இலங்கையில் இருந்து திரும்பும் வழியிலேயே பிரிக்கப்பட்டு, மே 4 முதல் 8 வரை நடந்த பவளக் கடல் சண்டைக்குப் போயின. ஒன்று சேதம், மற்றதில் விமானங்கள் போதாது. மிட்வேக்கு இரண்டும் வரவில்லை. அதே பவளக் கடலில் அடிபட்ட அமெரிக்க விமானந்தாங்கி யோர்க்டவுனை ஹவாயின் பேர்ள் துறைமுகத்தில் மூன்று நாளில் ஒட்டுப்போட்டு மிட்வேக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகள் தொட்டுப் பார்க்க: கட்டியான அட்டையில் ஒரு விமானம் வெட்டி, அடியில் இரண்டு ஆணி அடித்த சட்டமும் நான்கு ஆணி அடித்த சட்டமும் மாற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். பக்கத்தில் ஒரு மணிக்கூடு. பார்க்கிறவரே சட்டத்தைக் கழற்றி மாட்டட்டும். 18 விமானத்துக்கு இதைச் செய்ய வேண்டும், தள்ளுவண்டி 6தான் என்று வைத்துக் கணக்குக் கேளுங்கள். (18, 6 என்பவை விளையாட்டுக்கான எண்கள். அதைப் பலகையிலும் எழுதிவிடுங்கள்.)

யட்டியாந்தோட்டை பால்மரம்:

கடல்நூல் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் நாட்டுக்கு ஒரு திருப்புமுனைத் திகதி கட்டாயம் உண்டு. அது ஏப்ரல் 5 இல்லை, மார்ச் 8.

1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று இரண்டு காரியம் நடந்தது: ஜாவாவில் டச்சுக்காரர் சரணடைந்தார்கள், ரங்கூன் யப்பானியர் கைக்குப் போனது. முதலாவதோடு மலாயாவும் டச்சுத் தீவுகளும் சேர்ந்து, உலகத்து இயற்கை றப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமல் போனது. இரண்டாவதோடு நம் சோற்றுக்கு வந்த பர்மா அரிசி நின்றது. தோட்டங்களில் கோதுமை மா ரொட்டி நிலைத்ததற்கு வேர் அந்த நாளில் இருக்கிறது.

அதன் பிறகு நேச நாடுகளிடம் மிஞ்சிய பெரிய இயற்கை றப்பர் தோட்டம் இலங்கைதான். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தொன். அதைக் கூட்டுவதற்கு மரத்தை வதைத்தார்கள். முறையாகப் பால் வெட்டினால் மரத்தின் அரைச் சுற்றுக்கு ஒரு வெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பட்டையை மெல்லிசாகச் சீவி, கீழே போய்ச் சேர்வதற்குள் மேலே புதுப் பட்டை வளர விட வேண்டும். போர்க்கால வெட்டில் ஒரே மரத்தில் இரண்டு மூன்று வெட்டு, தினமும், ஏணி வைத்து மேல் பட்டை வரைக்கும். புதுப் பட்டை வளர இடமே இல்லை. கொஞ்ச காலம் பால் கொட்டும், பிறகு மரம் வற்றிவிடும். போர் முடிந்தபோது பெரிய பரப்பில் மரங்கள் திரும்ப நட வேண்டிய நிலையில் இருந்தன.

கொழும்பும் திருகோணமலையும் ஏன் முக்கியம் என்பதை இதோடு வைத்தால்தான் விளங்கும். எல் அலமைனில் நின்ற பிரித்தானிய எட்டாவது படைக்குப் போன டாங்கிகள், ஆபிரிக்காவைச் சுற்றி வந்து சுயெஸ் வழியாக இறங்கின. பாரசீக வளைகுடா வழியாகச் சோவியத்துக்கும் சாமான் போனது. இந்த இரண்டு பாதைக்கும் பக்கவாட்டில் நிற்கிறது நம் தீவு. நகுமோ இந்து சமுத்திரத்திலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். அவர் தங்கவில்லை. அதனால் அது திருப்புமுனை ஆகவில்லை. உங்கள் படத்தில் அந்தக் கப்பல் பாதையை ஒரு நீல நூலால் காட்டினால் போதும்.

நானுஓயா தண்டவாளம்:

ஸ்டாலின்கிராட்டுக்கு நான் எழுதுகிறேன். எல்லோரும் பனியை எழுதுவார்கள். அதற்கு முன் ரயிலை எழுதுங்கள்.

ஜேர்மன் பாதையின் அகலம் 1435 மில்லிமீற்றர். சோவியத் பாதை 1524. வித்தியாசம் 89 மில்லிமீற்றர், ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். பெரிய ரயில் 1676 மில்லிமீற்றர், நானுஓயாவில் இருந்து நுவரெலியா, இராகலைப் பக்கம் ஓடிய சின்ன ரயில் 762. சாமான் எல்லாம் நானுஓயாவில் இறக்கி ஏற்ற வேண்டும். அதே கதைதான்.

ஆனால் ஒரு தவறு செய்யாதீர்கள். அகலத்தை மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. மரச் சிலிப்பர் ஆனதால் ஒரு பக்கத் தண்டவாளத்தின் ஆணியைக் கழற்றி, 89 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி அடித்தால் முடிந்தது. உண்மையான சங்கடம் தண்ணீர். சோவியத் எஞ்சின்கள் பெரியவை, தண்ணீர்த் தொட்டியும் பெரிது. அதனால் தண்ணீர் பிடிக்கும் நிலையங்கள் தூரத் தூர இருந்தன. சின்னத் தொட்டியோடு வந்த ஜேர்மன் எஞ்சின் அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேராது. குழாய்களும் கொதிகலனுக்கு வெளியே இருந்ததால் 1941 பனியில் உறைந்து வெடித்தன. அலமைனில் இதே நோய்க்கு வேறு பெயர்: பிரித்தானியருக்குச் சாமான் வரும் துறைமுகம் அலெக்சாந்திரியா 105 கிலோமீற்றர், ஜேர்மன் தளபதி ரொம்மலுக்கு லிபியாவின் பென்காசி ஆயிரத்துக்கு மேல். பெற்றோல் லொறி தன் பெற்றோலைத் தானே குடித்துக்கொண்டு வரும் தூரம். அங்கே இரண்டு நூலை அளவுப்படி வெட்டித் தொங்கவிடுங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.

சண்டைக்கு வருவோம். 1942 நவம்பர் 19, சோவியத் படையின் யுரேனஸ் நடவடிக்கை. நகரத்துக்குள் இருந்த ஜேர்மன் ஆறாவது படையை நேராக அடிக்காமல், இரு பக்கமும் பலம் குறைந்து நின்ற ருமேனியப் படைகளை உடைத்தார்கள். 23ஆம் திகதி கலாச் பக்கத்தில் வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்குக் குறையாத ஆட்கள்.

இனிக் கணக்கு. விமானத்தில் சாமான் தருகிறோம் என்றார் ஜேர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். உள்ளே மாட்டிய தளபதி பவுலஸின் படைக்கு ஒரு நாளைக்கு 500 தொன் வேண்டும், மிகக் குறைந்தது 300. யுங்கர்ஸ் 52 விமானம் ஏற்றுவது ஏறக்குறைய 2 தொன். 300ஐ 2ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 150 தரையிறக்கம். குளிர்காலப் பகல் குறுகியது, எஞ்சின் உறைகிறது, மூடுபனி, சுற்றிவர சோவியத் பீரங்கி. போய்ச் சேர்ந்தது நாளுக்குச் சராசரி 100 தொன் சொச்சம். தலைக்கு வகுத்தால் 400 கிராம். அந்த 400 கிராமுக்குள் பாண், பீரங்கிக் குண்டு, பெற்றோல், மருந்து எல்லாம் அடங்க வேண்டும். டிசம்பர் 24இல், வளையத்துக்கு வெளியே சாமான் ஏற்றிய தத்சின்ஸ்காயா விமானத் தளத்துக்குள் சோவியத் டாங்கிகளே புகுந்தன. ஜனவரி 16இல் வளையத்துக்குள் இருந்த பித்தோம்னிக் தளம் போனது. பெப்ரவரி 2இல் முடிந்தது. சரணடைந்தவர் ஏறக்குறைய 91,000. அவர்களில் ஊர் திரும்பியவர் 6,000 அளவில்தான்.

கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்று கிடைத்தால் கொண்டுவந்து தொங்கவிடுங்கள். 400 கிராம் மணல் பை ஒன்று. அதைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

பண்டாரவளை டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தராசு யோசனை அருமை, இங்கே கேட்டால் கிடைக்கும். ஒரு சந்தேகம். 1944இல் வடகிழக்கு இந்தியாவின் இம்பாலிலும் பிரித்தானிய இந்தியப் படை சுற்றி வளைக்கப்பட்டு விமானத்தில்தானே சாமான் பெற்றது? அங்கே எப்படி முடிந்தது? ஸ்டாலின்கிராட்டில் ஏன் முடியவில்லை?

பேராதனைப் பூங்கா:

நல்ல கேள்வி டீச்சர். இந்தக் கேள்வியையே பலகையில் எழுதி வையுங்கள்.

இம்பாலுக்கு 1944 ஏப்ரல் 18 தொடக்கம் ஜூன் 30 வரை விமானத்தில் போனவை 18,800 தொன். 74 நாள். நாளுக்கு 254 தொன். உள்ளே ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர். தலைக்கு 1.7 கிலோ. தண்டவாளம் சொன்ன 400 கிராம் பைக்குப் பக்கத்தில் 1.7 கிலோ பை ஒன்றைத் தொங்கவிட்டால் விடை கண்ணுக்கு முன்னே இருக்கும்.

எப்படி முடிந்தது என்றால், முதலில் ஓடுதளம். இம்பால் சமவெளியில் ஆறு விமானத் தளங்கள் இருந்தன. இரண்டு எந்தக் காலநிலைக்கும் ஏற்றவை. மழை தொடங்கியும் வேலை நிற்கவில்லை. வானமும் நேச நாட்டு விமானங்கள் கையில் இருந்தது. அதைவிட முக்கியம், திரும்பும் விமானம் வெறுமனே போகவில்லை. சண்டையிடாத 43,000 பேரையும், நோயாளர், காயப்பட்டோர் 13,000 பேரையும் வெளியே ஏற்றிவிட்டார்கள். சாப்பிடும் வாய் குறைந்தது. ஸ்டாலின்கிராட்டிலும் காயப்பட்டவர்களை ஏற்றினார்கள்; ஆனால் தளங்கள் ஒவ்வொன்றாய்ப் பறிபோயின.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். யப்பானியத் தளபதி முத்தகுச்சி 85,000 பேரைப் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டிக் கூட்டிவந்தார், மூன்று வாரத்துக்கான சாப்பாட்டோடு. மாடுகளையும் ஓட்டிவந்தார்கள், பொதியும் சுமக்கும், இறைச்சியும் ஆகும் என்று. ஆற்றிலும் மலைச்சரிவிலும் மாடுகள் செத்தன. மூன்று வாரத்தில் இம்பாலின் களஞ்சியங்களைப் பிடித்துச் சாப்பிடுவது என்பது திட்டம். பிடிக்கவில்லை. இம்பாலுக்கு வடக்கே கொஹிமாவில் நின்ற அவருடைய டிவிஷன் தளபதி சாத்தோ, சாப்பாடும் குண்டும் வராததால், மேலிடம் வேண்டாம் என்று சொல்லியும் தன் டிவிஷனைப் பின்வாங்கினார். செத்தவர் ஏறக்குறைய 30,000. பெரும்பாலோர் பசியாலும் நோயாலும்.

கொஹிமா ஏறக்குறைய 1,400 மீற்றர், பண்டாரவளையை விடக் கொஞ்சம் உயரம். சண்டை உச்சத்தில் இருந்தபோது இரு படைக்கும் நடுவில் இருந்தது பிரித்தானிய அதிகாரியின் பங்களா டென்னிஸ் திடல். துரை பங்களா எப்படி ஒரு மேட்டின் மேல், தளம் தளமாக வெட்டிய நிலத்தில் இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரி மேட்டில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையில் நின்று கைக்குண்டு எறிந்தார்கள்.

இலங்கைக்கு இடம் தேடுகிறீர்கள் அல்லவா? இங்கே தாருங்கள். நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியில் இருந்து கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூங்காவில்தான் அலுவலகங்கள். இம்பால், கொஹிமா சண்டை நடந்த அதே வாரங்கள். இலங்கையில் காவலுக்கு நின்ற 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷனும் அதே ஆண்டு பர்மாவுக்குப் போய், பின்வாங்கிய யப்பானியரைக் கபாவ் பள்ளத்தாக்கில் துரத்தியது. கண்டிப் போர் மயானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்தால், கல்லறைகளில் ஆபிரிக்கப் பெயர்கள் ஏன் இருக்கின்றன என்று அவர்களே கேட்பார்கள்.

மாத்தளை கடல்நூல்:

பூங்கா சொன்னதோடு இம்பால்–கொஹிமாவை ஐந்தாவது திருப்புமுனையாகவே போட்டுவிடுங்கள் டீச்சர். பர்மாவில் யப்பானியர் அதன் பிறகு முன்னே வரவே இல்லை.

பலகை அளவைப் பற்றிக் கொஞ்சம். 6 அடி 183 சென்ரிமீற்றர். மாதத்துக்கு 2 சென்ரிமீற்றர் வைத்தால் 72 மாதத்துக்கு 144 போகும், இரு பக்கமும் 19 மிஞ்சும். ஆனால் ஒரே வரியில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். மிட்வே, அலமைன், ஸ்டாலின்கிராட் மூன்றும் 1942 ஜூனுக்கும் 1943 பெப்ரவரிக்கும் இடையில், 18 சென்ரிமீற்றருக்குள் வந்து நெருக்கும். அதனால் நான்கு வரி: பசிபிக், ஆபிரிக்கா–மேற்கு ஐரோப்பா, சோவியத், பர்மா–இந்து சமுத்திரம். சீட்டை நேரே ஒட்டாமல், திகதியில் ஒரு குண்டூசியும் அதில் இருந்து நூலும், சீட்டு மேலே அல்லது கீழே.

திகதிகளில் கவனம். பேர்ள் துறைமுகம் டிசம்பர் 7, மலாயாவில் கோத்தா பாரு தரையிறக்கம் டிசம்பர் 8 என்று புத்தகத்தில் இருக்கும். உண்மையில் கோத்தா பாரு முந்தியது, ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் திகதிக்கோடு இருப்பதால் அப்படித் தெரிகிறது. மிட்வேயும் யப்பானியக் கணக்கில் ஜூன் 5. எல்லாவற்றையும் நடந்த இடத்து நேரத்தில் போட்டு, அப்படித்தான் போட்டிருக்கிறோம் என்று மூலையில் எழுதுங்கள்.

நோர்மண்டியைத் தனியே விடாதீர்கள். 1944 ஜூன் 6க்குப் பிறகு 16 நாளில், ஜூன் 22 அன்று, சோவியத் படை பெலாருஸில் பக்ராத்தியன் நடவடிக்கையைத் தொடங்கி ஜேர்மன் மத்திய படைத்தொகுதியையே உடைத்தது. 28 டிவிஷன்கள் அழிந்தன. யப்பானியர் மறித்திருந்த கொஹிமா–இம்பால் வீதி 109ஆம் மைல்கல்லில் திறந்ததும் அதே ஜூன் 22. மூன்றாவது வரியிலும் நான்காவது வரியிலும் ஊசி ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வரும். அளவு சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க அந்த இரண்டு ஊசியும் போதும்.